ஒரு மாசத்துக்கு ஒரு நாற்காலி

எங்கள் கல்லூரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. ரெக்கார்டு நோட்டு பைண்டிங், ப்ராஜெக்ட் பிரின்ட் அவுட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் அங்கேதான். மார்ச் மாதம் வந்தால் அந்தக் கடையில் இன்னொரு சரக்கும் கிடைக்கும். இன்டர்ன்ஷிப் சான்றிதழ். ‘மீடியா’ என்றோ ‘கிரியேஷன்ஸ்’ என்றோ முடிகிற, யாரும் கேள்விப்படாத ஒரு பெயரில் லெட்டர்ஹெட். நடுவில் நம் பெயருக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே, ‘30 நாட்கள் மிகுந்த அர்ப்பணிப்புடனும் சிறப்பாகவும் பணியாற்றினார்’. விலை 300 ரூபாய். கலர் பிரின்ட் என்றால் 350.

“ஏட்டி, எதுக்கு இந்த வெயில்ல அலையுத? வாங்கிக் குடுத்துட்டு வீட்டுல படுத்துத் தூங்கு” என்றாள் சீனியர் ஒருத்தி. அவளும் அப்படித்தான் செய்திருந்தாள். அவள் வகுப்பில் பாதிப் பேர் ஒரே கம்பெனியில் ‘சிறப்பாகப் பணியாற்றி’யிருந்தார்கள்.

நான் வாங்காததற்குக் கொள்கை கிள்கை எதுவும் காரணமில்லை. பேப்பரில் என் பெயரைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. ஜெராக்ஸ் கடைக்காரரால் அதை அச்சடித்துத் தர முடியாது.

இது 2018 கோடை. பாளையங்கோட்டையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் வருஷம் முடிக்கிறேன். இதழியல், மக்கள் தொடர்பு இரண்டும் தாள்களாக இருந்தன. இரண்டிலும் நல்ல மார்க். ஆனால் ஒரு பத்திரிகை அலுவலகத்தை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. துறையில் ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். ‘இம்மாணவி எங்கள் துறையில் பயில்கிறார், பயிற்சிக்கு அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்’. யாருக்கு என்ற இடம் காலியாக இருந்தது. அதை நிரப்புவது நம் பாடு.

பத்திரிகை என்றால் சென்னை என்று நினைத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. பேர் தெரிந்த பத்திரிகை, டிவி எல்லாவற்றின் இமெயில் முகவரிகளையும் தேடி எடுத்தேன். மொத்தம் 14. பதினான்கையும் ஒரே மெயிலில், வரிசையாக, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டு அனுப்பினேன். கடிதம் இங்கிலீஷில். தமிழில் எழுதுகிற வேலையைக் கேட்டு இங்கிலீஷில் கடிதம், அதுவும் என்னுடைய இங்கிலீஷில். ‘தங்கள் பெருமைமிகு நிறுவனத்தில்’ என்று ஆரம்பிக்கும் மாதிரிக் கடிதத்தை எங்கிருந்தோ எடுத்திருந்தேன். பதினான்கு பெருமைமிகு நிறுவனங்களும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒரு பதில் வரவில்லை.

இப்போது அந்த மாதிரி மெயில்கள் வந்து விழுகிற இடத்தில் நான் இருக்கிறேன். ஏப்ரல் பிறந்தால் தினமும் நாலைந்து வரும். திமிரில் யாரும் பதில் போடாமல் இருப்பதில்லை. பக்கம் முடிக்கிற அவசரத்தில் திறந்து பார்த்தால், அந்தப் பிள்ளை யார், எந்த ஊர், என்ன எழுதும் என்று ஒன்றும் தெரியாது. பிறகு பார்க்கலாம் என்று மூடுவோம். அந்தப் ‘பிறகு’ வருவதில்லை. ‘நான் இந்த ஊர், இந்த விஷயத்தைப் பற்றி இதை எழுதியிருக்கிறேன், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை வர முடியும்’ என்று தமிழில் நாலு வரி எழுதி, எழுதியதையும் சேர்த்து அனுப்பினால் நான் படிப்பேன். என் பக்கத்து மேஜைக்காரரும் படிப்பார். எல்லோரும் அலைமோதும் ஏப்ரல், மேயை விட்டுவிட்டு நவம்பர், டிசம்பர் செமஸ்டர் லீவில் கேட்கிறவர்களுக்கு இடம் கிடைப்பது சுலபம் என்பதும் இங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

என் கதைக்கு வருகிறேன். பதில் வராமல் இரண்டு வாரம் போனது. வீட்டில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தேன். அடியில் எறும்பு ஊர்வது போல ஒரு பொடி எழுத்து வரி. அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், அச்சகத்தின் விலாசம். பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் பேப்பர் வருகிறது, அந்த வரியை நான் படித்ததே இல்லை. இந்தியாவில் வெளியாகிற எந்தப் பத்திரிகையும் அதைப் போடாமல் இருக்க முடியாது. அப்போது அமலில் இருந்தது 1867ஆம் வருஷத்துச் சட்டம். (2023இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள்.) இதழியல் தாளில் இந்தச் சட்டத்தைப் பற்றி ஐந்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன். அது ஒரு முகவரிப் புத்தகம் என்று மட்டும் தோன்றவில்லை.

விலாசம் வண்ணார்பேட்டைப் பக்கம். வீட்டிலிருந்து ஒரு பஸ்.

அன்றைக்கே கிளம்பினேன். போய்ச் சேரும்போது மணி ஏழு. உள்ளே நாலைந்து பேர், நாலைந்து போன், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஓரத்து மேஜையில் வழுக்கைத் தலையோடு இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இன்டர்ன்ஷிப் என்று ஆரம்பித்தேன்.

“மணி என்னாவுது?”

“ஏழு, சார்.”

“ஏழு மணிக்கு ஒரு ஆளு பேப்பர் ஆபீசுக்கு வருமா? நாளைக்கு பன்னெண்டு மணிக்கு வா.”

இதையாவது யாராவது வகுப்பில் சொல்லியிருக்கலாம். காலையில் ரிப்போர்ட்டர்கள் வெளியே இருப்பார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பக்கம் முடிகிறவரை உள்ளே இருப்பவர்களுக்குக் கண் தெரியாது, காது கேட்காது. பேசுவதற்கென்று ஒரு நேரம் இருந்தால் அது மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குள். போன் பண்ணுவதாக இருந்தாலும் இதேதான்.

மறுநாள் பன்னிரண்டுக்கு முன்னாலேயே போய் வாசலில் நின்றேன். அவரை அலுவலகத்தில் எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். அந்தப் பதிப்பின் பொறுப்பாசிரியர். துறைக் கடிதத்தை நீட்டினேன். வாங்கி, படிக்காமல், டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார்.

“என்ன எழுதியிருக்க?”

பையிலிருந்து அசைன்மென்டை எடுத்தேன். ‘ஊடகங்களின் சமூகப் பொறுப்பு’, எட்டுப் பக்கம், பச்சை மையில் தலைப்புகள். புரட்டினார். கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை, பின்னாலிருந்து புரட்டினார்.

“இதுல ஒரு மனுசனாவது வாரானா?”

நான் பேசவில்லை.

“திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் போ. குறைதீர்க்கும் நாள். ஒரே ஒரு ஆளு. அவங்களைப் பத்தி ஒரு பக்கம். செவ்வாக்கிழமை கொண்டா, மத்ததைப் பேசுவோம்.”

கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் அந்த வருஷம் திங்கட்கிழமை என்றால் வாசலில் போலீஸ் நிற்கும். அதற்கு முந்தைய அக்டோபரில், 2017இல், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் அந்த வளாகத்துக்குள்ளேயே தீக்குளித்தார்கள். ஊரே உறைந்துபோன நாள் அது. அதன் பிறகு மனு கொடுக்க வருகிறவர்களின் பையைத் திறந்து பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. வரிசையில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி. மஞ்சள் பை, அதற்குள் பட்டா நகல்கள், ரேஷன் கார்டு, ஒரு பிளாஸ்டிக் பாட்டில். பாட்டிலில் கலங்கலாக என்னவோ. பெண் போலீஸ் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்து, மறுபடியும் முகர்ந்தார்.

“நீச்சத்தண்ணி, தாயி” என்றாள் பாட்டி. “ரெண்டு ஊறுகா மொளகாயும் கெடக்கு. நீயும் ஒரு வாய் குடியேன், வெயில்லயே நிக்கியே.”

அந்தப் போலீஸ்காரம்மா சிரிக்கவில்லை. பாட்டிலை இரண்டு கையாலும் மூடிக் கொடுத்தார். இதை நான் கவனித்தேனே தவிர, இதுதான் செய்தி என்று புரியவில்லை. பாட்டியோடு உள்ளே போய், அவளுடைய நில அளவைப் பிரச்சினையை முழுக்கக் கேட்டு, இது எத்தனையாவது மனு என்று எண்ணி, வீட்டுக்கு வந்து ராத்திரி எழுதினேன். முதல் பத்தி ஜனநாயகத்தைப் பற்றி. இரண்டாவது, மனுநீதிச் சோழன். மூன்றாவதில்தான் பாட்டி வந்தாள். பாட்டில் ஐந்தாவது பத்தியில் இருந்தது.

அண்ணாச்சி சிவப்புப் பேனாவை எடுத்து முதல் நாலு பத்திக்கும் குறுக்கே ஒரே கோடாகப் போட்டார். “இதெல்லாம் வீட்டு வாசப்படி. சோறு உள்ள இருக்கு” என்றார். இரண்டு நாள் கழித்து அது ஒன்பது வரியில் பெட்டிச் செய்தியாக வந்தது. பெயர் இல்லை. அப்பாவிடம் காட்டினேன். “உன் பேரு எங்க?” என்றார். இருந்தாலும் அந்தத் துண்டை அம்மா கத்தரித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது, மஞ்சளாக.

வியாழக்கிழமை எனக்கு ஒரு மாதத்துக்கு இடம் கிடைத்தது. இடம் என்று சொல்வது மரியாதைக்கு. நாற்காலி கிடையாது. விளையாட்டுப் பக்கம் பார்ப்பவர் வரும்வரை அவர் நாற்காலி, அவர் வந்தால் போட்டோகிராபருடையது, போட்டோகிராபரும் வந்துவிட்டால் பழைய பேப்பர் கட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எந்த நாற்காலி எத்தனை மணிக்குக் காலியாகும் என்பதுதான் நான் சேகரித்த முதல் செய்தி.

வேலை என்று பார்த்தால், ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ தொகுப்பது, வெளியூர்ப் பகுதிநேர நிருபர்கள் போனில் சொல்வதை எழுதிக்கொள்வது, நிறுவனங்கள் தங்களைப் பற்றி எழுதி அனுப்பிக் குவிக்கும் பிரஸ் நோட்டுகளைச் சுருக்குவது, அப்புறம் அணை நீர்மட்டம். திருநெல்வேலிப் பேப்பரில் அரசியல் செய்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அணை நீர்மட்டம் இல்லாமல் இருக்க முடியாது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார். தென்காசி தனி மாவட்டம் ஆகாத நேரம், அதனால் எட்டும் நம்முடையவை. மூன்றாம் நாள் மணிமுத்தாற்றின் எண்பது சொச்சம் அடியை நூற்று எண்பது சொச்சமாக அடித்துவிட்டேன். நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன் அண்ணாச்சி பார்த்தார்.

“எம்மா, மணிமுத்தாறு மொத்த உயரமே 118 அடி. நீ அதுக்கு மேல அறுபது அடிக்குத் தண்ணிய நிப்பாட்டி வச்சிருக்க. ஊரு முங்கிரும்லா.”

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. அன்று ராத்திரி எட்டு அணைகளின் முழு உயரத்தையும் ஒரு அட்டையில் எழுதிக் கம்ப்யூட்டர் மேல் ஒட்டினேன். பாபநாசம் 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, குண்டாறு 36. மற்ற வேலைகள் மறந்துபோயின, இது மறக்கவில்லை. யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், அதன் உச்சவரம்பு என்ன என்று கேட்காமல் இன்றும் என்னால் டைப் பண்ண முடியாது.

இன்னொரு தப்பு, சிரிக்கக் கூடியது அல்ல. ஒரு காவல் நிலையத்திலிருந்து போக்சோ வழக்கில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கில், கைது பற்றிய குறிப்பு வந்தது. நான் சுருக்கி எழுதினேன். சிறுமியின் பெயரைப் போடக் கூடாது என்று தெரியும், போடவில்லை. பெருமையோடுதான் கொடுத்தேன். செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் இருந்த அக்கா படித்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அன்றைக்குத்தான் அவர் நாற்காலியில் பாதி எனக்குக் கிடைத்தது.

“பேர் போடலையேக்கா.”

“தெருப் பேரைப் போட்டிருக்கியே. எத்தனாம் வகுப்புன்னு போட்டிருக்க. கைதானவன் சித்தப்பா முறைன்னு வேற போட்டிருக்க. அந்தத் தெருவுல எத்தனை வீடு இருக்கும்? அதுல அந்த வகுப்புல படிக்கிற பிள்ளை எத்தனை பேரு?”

எனக்குக் கை வியர்த்துவிட்டது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரை மட்டும் தடுக்கவில்லை. விலாசம், படம், குடும்ப விவரம், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம், அடையாளம் காட்டிவிடும் வேறு எந்தத் துப்பும் கூடாது என்கிறது. போலீஸ் குறிப்பில் இருந்தது என்பதெல்லாம் பதில் ஆகாது. அக்கா என்னை வைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியாக எடுத்தார். கடைசியில் நாலு வரிதான் மிஞ்சியது. ஒரு மாதப் பயிற்சியில் இந்தக் கால் மணி நேரம் மட்டும் கிடைத்திருந்தாலும் எனக்குப் போதும். இதை வகுப்பில் சொல்லிக் கொடுக்க முடியாது என்று சொல்லமாட்டேன், சொல்லலாம். ஆனால் அந்தத் தெருப் பெயரை என் விரல் டைப் பண்ணியிருந்தது.

காசு பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் பொய் சொன்னதாக ஆகும். அந்த ஒரு மாதத்துக்கு எனக்கு ஒரு பைசா கிடையாது. மதியம் டீ, சாயங்காலம் டீயும் வடையும். பஸ்ஸுக்கு அம்மா தினமும் இருபது ரூபாய் கொடுத்தாள். வீட்டிலிருந்து ஒரு பஸ் என்பதால் என்னால் முடிந்தது. சென்னையில் ஒரு பத்திரிகை கூப்பிட்டிருந்தால் லேடீஸ் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போயிருப்பேன்? சம்பளமில்லாத பயிற்சி என்பது, வீட்டில் வசதி இருப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் சல்லடை. ‘அனுபவம் கிடைக்கிறதே’ என்று சொல்பவர்கள் யாரும் அனுபவத்தைக் கொடுத்து மளிகை வாங்குவதில்லை. வேலை வாங்குகிறவர்கள் பஸ் காசாவது கொடுக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அது நடக்கிறவரை, நம் ஊரிலேயே இருக்கும் பதிப்புகளையும் வானொலி நிலையத்தையும் முதலில் தட்டிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். மாவட்டப் பதிப்பில் ஆள் குறைவு. அதனால் பயிற்சிக்கு வந்தவளுக்கும் மூன்றாம் நாளே அணையைத் திறந்துவிட வாய்ப்பு கிடைக்கும்.

அதிலும் மோசம், நம்மிடமே காசு கேட்பவர்கள். ‘பதிவுக் கட்டணம்’, ‘ஐடி கார்டு கட்டணம்’ என்று இரண்டாயிரம், மூவாயிரம் வாங்கிக்கொண்டு பிரஸ் ஸ்டிக்கர் கொடுப்பவர்கள் உண்டு. என் வகுப்புப் பையன் ஒருவன் கட்டினான். ஸ்டிக்கர் பைக்கில் ஒட்டிய மறுவாரம் அந்த ஆபீஸ் ஷட்டர் இறங்கிவிட்டது.

கல்லூரியில் படித்துக்கொண்டே முயற்சி பண்ணுவதற்கு எனக்குத் தெரிந்து பழைய, நல்ல வழி விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம். ஊரை விட்டு வராமல், படிப்பை விடாமல், இருக்கிற இடத்திலிருந்தே எழுதலாம். இன்று பேர் தெரிந்த பத்திரிகையாளர்களில் அந்த வழியாக வந்தவர்கள் எத்தனையோ பேர். நான் விண்ணப்பித்தேன், தேறவில்லை. என் விடைத்தாளில் மறுபடியும் மனுநீதிச் சோழன் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். மத்திய அரசு 2024இல் கொண்டுவந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றி இப்போது நிறையப் பிள்ளைகள் கேட்கிறார்கள். மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள், ஆனால் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களை அதில் சேர்க்கவில்லை. விண்ணப்பிக்க உட்காரும் முன் அந்த வரியைப் பார்க்கவும்.

அடுத்த வருஷம் பிஆர் (மக்கள் தொடர்பு) பக்கம் போனேன். அதற்கும் கதவைத் திறந்தது அந்தப் பேப்பர் ஆபீஸ்தான். பிரஸ் நோட்டுகளைச் சுருக்கிச் சுருக்கி, எது எதைக் குப்பைத் தொட்டியில் போடுகிறோம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று பக்கம் இருந்தால் குப்பை. முதல் பத்தியில் நிறுவனத் தலைவரின் பட்டங்கள் இருந்தால் குப்பை. தமிழ் புரியாவிட்டால் குப்பை. ஒரு தடவை புது ஆஸ்பத்திரி பற்றிய குறிப்பில் ‘மாநிலத்தின் கலை வசதிகள்’ என்று இருந்தது. நானும் அக்காவும் பத்து நிமிஷம் மண்டையை உடைத்தோம். ஆஸ்பத்திரியில் கலைக் கண்காட்சி வைத்திருக்கிறார்களா? கடைசியில் அது ‘ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்’. யாரோ ஒரு புண்ணியவான் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார்.

அந்தக் குறிப்பை அனுப்பிய சென்னை ஏஜென்ஸியிலிருந்து ஒருவர் தினமும் போன் பண்ணுவார். “மேடம், நம்ம பிரஸ் ரிலீஸ் வந்துச்சா? நாளைக்கு வந்துருமா?” என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள். மூன்றாம் வருஷம் அந்த நம்பருக்கு நானே போன் பண்ணி, உங்கள் பழைய ரிலீஸ் ஒன்றைத் தமிழில் திருப்பி எழுதி அனுப்பட்டுமா, பிடித்திருந்தால் ஒரு மாதம் பயிற்சி கொடுப்பீர்களா என்று கேட்டேன். 200 சொல்லில் எழுதி அனுப்பினேன். மறுநாளே கூப்பிட்டார்கள். மாதம் 5,000 ரூபாய். கொளத்தூரில் அத்தை வீடு இருந்ததால் சமாளித்தேன்.

பிஆர் ஏஜென்ஸிகளில் வேலை எல்லாம் இங்கிலீஷில் நடக்கும். கிளையன்ட்டோடு பேசுவது, ரிலீஸ் எழுதுவது, ரிப்போர்ட் கொடுப்பது எல்லாம். ஆனால் கிளையன்ட் கடை திறப்பது மதுரையிலும் சேலத்திலும். அங்கே படிக்கப்படுவது தமிழ்ப் பேப்பர். அதனால் உருப்படியாகத் தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சம். இங்கிலீஷ் வராது என்று பிஆர் பக்கமே எட்டிப் பார்க்காத எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். இங்கிலீஷ் போகப் போக வந்துவிடும், எனக்கு வந்தது. ‘மாநிலத்தின் கலை’யைப் பார்த்ததும் சிரிப்பு வரவேண்டும், அதுதான் தகுதி.

காலை ஆறரைக்கு ஆபீஸ். அன்றைய பேப்பர் எல்லாம் கட்டாக வந்திருக்கும். கிளையன்ட் பெயர் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பார்த்து, வெட்டி, ஒட்டி, ஸ்கேன் செய்து ஒன்பதரைக்குள் அனுப்பவேண்டும். பிறகு ஸ்கேலை எடுத்து அளக்கவேண்டும். நீளம் 15 சென்டிமீட்டர், அகலம் 12, ஆக 180 சதுர சென்டிமீட்டர்; அதே இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, ‘இந்த மாதம் உங்களுக்கு இத்தனை லட்சம் மதிப்புள்ள கவரேஜ்’ என்று எழுதுவோம். இந்தக் கணக்கு பிஆரின் மதிப்பைக் காட்டாது என்று 2010இலேயே பார்சிலோனாவில் கூடித் தீர்மானம் போட்டுவிட்டார்கள் என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறேன். ஒருநாள் கிளையன்ட்டைப் பற்றிப் புகார் செய்தி ஒன்று வந்தது, அரைப் பக்கத்துக்கு. இதையும் அளக்கணுமா என்று கேட்டேன். மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். “அளந்து வை” என்றார். அந்த மாதத்தின் பெரிய தொகை அதுதான்.

அதற்காக பிஆர் என்றாலே பொய் என்று நினைக்கிறவள் அல்ல நான். ஒரு மழைநாளில் எது திறந்திருக்கிறது, எந்த நம்பருக்குக் கூப்பிடவேண்டும் என்பதைப் பத்து நிமிஷத்தில் நாற்பது பேருக்குத் தெளிவாகச் சொல்கிற ஒரு பிஆர்ஓ, நல்ல ரிப்போர்ட்டருக்குச் சமம். கலெக்டர் ஆபீஸில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பேப்பர் ஆபீஸில் ஒரு மாதம் இருந்துவிட்டு பிஆர் போனதால் எனக்கு ஒரு லாபம் இருந்தது. நான் போன் பண்ணும்போது மறுமுனையில் இருப்பவருக்கு நாற்காலி இருக்கிறதா, மணி என்ன என்பது என் கண் முன்னால் தெரிந்தது. ஐந்து மணிக்கு மேல் யாரையும் கூப்பிடவே மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு ஹோட்டலில் பிரஸ் மீட். முதல் நாள் ராத்திரி ஃபோல்டர் அடுக்கினோம். பேனா, நோட்பேட், பிரஸ் நோட். கடைசியாக மேனேஜர் ஒரு கட்டு வெள்ளைக் கவர்களைக் கொடுத்து, லிஸ்ட்டில் டிக் போட்டவர்கள் ஃபோல்டரில் மட்டும் வை என்றார். கவர் என்றால் என்ன என்று கேட்கவேண்டிய அவசியமில்லை. உள்ளே பணம் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதமாட்டார்கள். செய்தியைக் கவர் பண்ணப் போனேன் என்று ஒருவர் சொன்னால், எந்த அர்த்தத்தில் என்று கேட்டுச் சிரிப்பார்கள். பிரஸ் கவுன்சில் நெறிமுறைகளில் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று இருக்கிறது. அதையும் ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். எழுதிய கையாலேயே கவர்களை வைத்தேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஐயாயிரம் ரூபாய், அத்தை வீடு, சான்றிதழ் எல்லாம் கண் முன்னால் வந்தன.

மீட் முடிந்து ஹாலைச் சுத்தம் பண்ணும்போது மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியில் அந்தக் கவர் மட்டும் தனியாகக் கிடந்தது. ஃபோல்டர், பேனா, நோட்பேட் எதுவும் இல்லை; கவரை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் யாரோ. ஒட்டியது ஒட்டியபடி. யார் உட்கார்ந்திருந்தது என்று எனக்கு நினைவில்லை. மேனேஜரிடம் கொடுத்தேன். லிஸ்ட்டைப் பார்த்து ஒரு பெயருக்கு நேரே என்னவோ குறித்துக்கொண்டார். அந்த நபரின் பேப்பரில் மறுநாள் செய்தி வந்திருந்தது. நாலு வரி. அளந்தேன், 24 சதுர சென்டிமீட்டர்.

சான்றிதழ் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன்.

நெல்லையில் கடைசி நாள், அண்ணாச்சியிடம் போய்த் தயங்கி நின்றேன். லெட்டர்ஹெட் ஒன்றைக் கொடுத்து, “நீயே டைப் பண்ணிக் கொண்டா, கையெழுத்துப் போடுதேன்” என்றார். என்ன எழுதுவது என்று தெரியாமல், ஜெராக்ஸ் கடைச் சான்றிதழையே நினைவிலிருந்து அடித்தேன். ‘30 நாட்கள் மிகுந்த அர்ப்பணிப்புடனும் சிறப்பாகவும் பணியாற்றினார்.’

படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘மிகுந்த’ என்பதில் ஒரு கோடு. ‘அர்ப்பணிப்புடனும்’. ‘சிறப்பாகவும்’.

“முப்பது நாளா நீ? ரெண்டு நாயித்துக்கெழம வரலைல்லா. இருபத்தெட்டுன்னு போடு.”

திருத்தி இன்னொரு பிரின்ட் எடுத்து வந்தேன். ‘28 நாட்கள் பணியாற்றினார்.’ கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, மை காய்வதற்காக வாயால் ஊதிக் கொடுத்தார். கல்லூரியில் துறைத் தலைவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “வேற ஒண்ணும் எழுதலையா?” என்றார்.